தூரிகையும் விசுவாசமும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருவீதியில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றோர் ஊர் எங்கே தொடங்கிற்று என்று புதியவர் அறிவது அரிது. எனினும் அவ்வீதியில் நடப்பவர் கண்ணுக்கு வழிபாட்டிடங்களின் வேறுபாடு எளிதிற் புலப்படும். பள்ளிவாசலினுள்ளே உருவம் ஒன்றும் இல்லை. அரபு எழுத்தின் வளைவும், வடிவங்களின் ஒழுங்கும், வெண்சுவரின் தூய்மையுமே அங்குள்ள அழகு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலோ உருவமே வழிபாட்டின் நடுவிடம். கத்தோலிக்க ஆலயத்தில் சுரூபங்கள் நிற்கின்றன. மெதடிஸ்த ஆலயத்தில் வெறுஞ்சுவரும் ஒரு சிலுவையுமே உள்ளன. சில கல் தொலைவுக்குள் நால்வகை விடைகள் கிடைக்கின்றன. வினா ஒன்றே: கண்ணாற் காணவியலாத மெய்ப்பொருளைக் கண்ணுக்குரிய கோட்டாலும் வண்ணத்தாலும் சொல்லலாமா?

இவ்வினாவைக் கிறிஸ்தவ ஓவியர் ஒருவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளும்பொழுது அது சமய நூல்களின் விவாதமாக மட்டும் நிற்பதில்லை. தாம் விசுவசிக்கும் ஒருவரின் முகத்தை எவ்வாறு வரைவது, யாருடைய நிறத்தை அதற்குத் தருவது, பின்னணியில் எந்த நிலத்தை விரிப்பது என்று கையிலே தூரிகை ஏந்தியபடி அவர் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அம்முடிவில் அவருடைய விசுவாசம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. அத்தகைய முடிவை இந்நாட்டிலேயே செய்துகாட்டிய ஒருவரின் ஆக்கங்களை நேயர்கள் இங்கு எண்ணிப்பார்க்கலாம். அதற்கு முன்னர் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வது நன்று.

உருவத்தை விலக்குவோர் முஸ்லிம்கள், உருவத்தை ஏற்போர் கிறிஸ்தவர்கள் என்று எளிதாகப் பிரித்துச் சொல்வது பொருந்தாது. கிறிஸ்தவத்தின் உள்ளேயே இவ்வழக்கு நெடுங்காலம் நடந்தது. 8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் சிலர் திருவுருவங்களை அழிக்குமாறு ஆணையிட்டனர். அவற்றைக் காத்து நூல் எழுதியவருள் தலைசிறந்தவர் தமாஸ்கு நகரத்து யோவான் என்னும் துறவி. அவர் வாழ்ந்ததோ உமையாக் கலீபாக்களின் ஆட்சியில். கிறிஸ்தவப் பேரரசரின் கை எட்டாத முஸ்லிம் ஆட்சி நிலத்திலிருந்தே கிறிஸ்தவத் திருவுருவங்களுக்கான வாதம் எழுந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 787ஆம் ஆண்டு நைசீயாவிற் கூடிய இரண்டாம் சங்கம் அவர் கொள்கைக்கு இசைவாகத் தீர்ப்பளித்தது. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் மரத்துக்கும் வண்ணத்துக்கும் உரியதன்று, உருவம் சுட்டும் ஒருவருக்கே உரியது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆயினும் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீர்திருத்தச் சபைகள் மீண்டும் சுவரை வெறுமையாக்கின. அச்சபையினரான ஒல்லாந்தர் இலங்கையின் கரைகளை ஆண்ட காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டையும் அதன் திருவுருவங்களையும் தடுத்தனர். 1814ஆம் ஆண்டு வில்லியம் ஓல்ற் என்பார் மட்டக்களப்புக்குக் கொணர்ந்த மெதடிஸ்த மார்க்கமும் உருவத்தைக் காட்டிலும் உரையையும் பாட்டையுமே போற்றியது. ஆகவே கல்முனைக் கிறிஸ்தவப் பிள்ளை ஒருவன் தன் சபையின் மரபிலேயே உருவம் வேண்டும் என்ற குரலையும் வேண்டாம் என்ற குரலையும் ஒருங்கே கேட்டு வளர்கிறான்.

இன்னுமொரு தெளிவு வேண்டும். கிறிஸ்துவை வரைந்த ஓவியம் எல்லாம் கிறிஸ்தவ விசுவாசத்தின் வெளிப்பாடு ஆகிவிடாது. 1580ஆம் ஆண்டு யேசுசபைத் துறவிகள் அக்பரின் அவைக்கு வந்தபொழுது ஐரோப்பியச் சித்திரங்களையும் கொண்டுவந்தனர். மொகலாய ஓவியர் அவற்றை வியந்து பார்த்துத் தாமும் வரைந்தனர். அபுல் ஹசன் என்னும் சிறுவன், ஜெர்மானிய ஓவியர் டியூரர் செதுக்கிய சிலுவைக் காட்சியிலிருந்து புனித யோவானின் உருவத்தை 1600ஆம் ஆண்டளவில் எடுத்து வரைந்தான். அப்பொழுது அவனுக்கு வயது பதின்மூன்று. வியக்கத்தக்க கைவன்மை அது. ஆயினும் அதனை அவனுடைய விசுவாச அறிக்கை என்று எவரும் கொள்வதில்லை. மரியம் அம்மையாரையும் ஈஸா நபியையும் திருக்குர்ஆன் வழியே அறிந்து மதிக்கும் அவையில் அவ்வோவியங்கள் விரும்பப்பட்டதில் வியப்பில்லை. அவ்வாறே வங்காளத்து ஜாமினி ராய் 20ஆம் நூற்றாண்டிற் கிறிஸ்துவைப் பலமுறை வரைந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். கருப்பொருளைக் கொண்டு மட்டும் கலைஞனின் விசுவாசத்தை அளக்கவியலாது என்பதற்கு இவை சான்று.

இதன் மறுபக்கத்தைக் கண்டி நகரம் காட்டுகிறது. கண்டித் திரித்துவக் கல்லூரியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு மாணவர் பயின்றனர். இருவரும் கிறிஸ்தவ இல்லங்களிற் பிறந்தவர்; இருவரும் பிற்காலத்தில் இந்நாட்டின் பேரோவியர் ஆயினர். ஒருவர் ஜோர்ஜ் கீற். அவர் உள்ளம் பௌத்தத்தையும் இந்துக் காவியங்களையும் நாடிற்று. பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் 1939, 1940ஆம் ஆண்டுகளிற் புத்தர் பெருமானின் வாழ்வை வரைந்தார். மற்றவர் டேவிட் பெயின்ரர். அவர் தாம் படித்த கல்லூரியின் ஆலயச் சுவரிற் கிறிஸ்துவை வரைந்தார். பிறப்பால் வந்த சமயம் தூரிகையைத் தானே இயக்கிவிடுவதில்லை; உள்ளம் தேர்ந்துகொண்டதே இயக்குகிறது. கீற்றின் விகாரை ஓவியங்களுக்கு உள்ள உண்மையே பெயின்ரரின் ஆலய ஓவியங்களுக்கும் உரியது. இரண்டும் மனமாரச் செய்தவை.

டேவிட் பெயின்ரர் 1900ஆம் ஆண்டு இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயர்; தாயார் சிங்களப் பெண்மணி. இருவரும் கிறிஸ்தவ ஊழியத்துக்குத் தம்மை அளித்தவர்கள். நுவரெலியாவில் ஆதரவற்ற சிறுவர்க்கென ஓர் இல்லம் நடத்தினர். மகனுக்கு ஓவியக் கை வாய்த்தது. இலண்டன் றோயல் அக்கடமியின் பயிற்சிக்கூடத்திற் புலமைப்பரிசில் பெற்றுக் கற்றார். பின்னர் இத்தாலி சென்று அந்நாட்டுப் பழைய சுவரோவியங்களைக் கண்டார். ஐரோப்பாவின் தேவாலயங்களிற் பொன்னிறக் கூந்தலும் வெண்மேனியும் கொண்ட கிறிஸ்துவை எத்தனையோ ஓவியர் வரைந்திருப்பதை அவர் கண்ணாரக் கண்டவர். நாடு திரும்பியபின் அவற்றைப் படியெடுத்துத் தந்திருந்தால் குறைகூறுவார் இருந்திரார். அவர் அவ்வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

திரித்துவக் கல்லூரியின் ஆலயமும் அதற்கு ஏற்ற இடமாக அமைந்தது. 1904 முதல் 1924 வரை அக்கல்லூரியின் அதிபராயிருந்த ஏ. ஜி. பிரேசர், இந்நாட்டுப் பிள்ளைகள் தம் நாட்டின் மொழியையும் மரபையும் மறவாது கற்கவேண்டும் என்னும் கொள்கையினர். உப அதிபர் கஸ்ரர் ஆலயத்தின் வடிவத்தை வரைந்தார். கோதிக் கோபுரமும் கூர்நுனிச் சாளரமும் அங்கே இல்லை. செதுக்கிய கருங்கற்றூண்கள் கண்டி அரசின் மண்டபங்களை நினைவூட்டும். பக்கச் சுவர்கள் இன்றிக் காற்றும் ஒளியும் தடையின்றி உள்ளே வரும். அந்த மண்டபத்தில் 1920களின் பிற்பகுதி தொடக்கம் 1930கள் வரையில் பெயின்ரர் நான்கு சுவரோவியங்களைத் தீட்டினார்.

அந்நான்கின் தேர்வே கவனிக்கத்தக்கது. முதலாவது, தன் மைந்தர் இருவருக்கும் உயர்ந்த இருக்கை வேண்டி ஒரு தாய் இயேசுவிடம் வருவதும், துன்பக் கிண்ணத்தைப் பருக உங்களால் இயலுமா என்று அவர் அம்மைந்தரை வினவுவதும். இரண்டாவது, குரு தம் சீடரின் கால்களைக் கழுவுவது. மூன்றாவது, கள்வரால் அடியுண்டு வழியிற் கிடந்தவனை, அவன் இனத்தார் விலகிப்போகவும், அயலினத்தவனான சமாரியன் தூக்கி எடுத்துக் காப்பது. நான்காவது, சிலுவைப்பாடு. பிறப்பையும் உயிர்த்தெழுதலையும் அற்புதங்களையும் விடுத்து இந்நான்கும் சுவரில் ஏன் அமைந்தன? அந்த ஆலயத்தில் அமர்வோர் பள்ளி மாணவர். நாளை நாட்டிற் பதவியும் அதிகாரமும் பெறப்போகிறவர்கள். உயர்வை நாடுவோரை நோக்கி ஒரு வினா, உயர்ந்தோர் செய்யவேண்டிய ஊழியம், அயலான் யார் என்பதற்கு ஒரு விடை, அவ்விடைக்குக் கொடுக்கவேண்டிய விலை என ஒரு பாடமே படிப்படியாக அச்சுவர்களில் விரிகிறது.

சிலுவைக் காட்சியிலேதான் ஓவியரின் துணிவு முழுவதும் தோன்றுகிறது. எருசலேமின் வறண்ட குன்று அங்கே இல்லை. கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்கும் சதுப்பு நிலம் பின்னே கிடக்கிறது. சிலுவையில் உள்ளவர் தாடியற்ற இளைஞர். கண்டல் மரங்களை அறியாதார் கிழக்குக் கரையில் இல்லை. களப்பின் ஓரங்களில் உப்பு நீரிலே காலூன்றி, வேர்களை விரல்போல் மண்ணுக்குள் செலுத்தி, மீனுக்கும் இறாலுக்கும் புகலிடமாய் நிற்கும் மரங்கள் அவை. தோணி செலுத்துவோர்க்கும் வலை வீசுவோர்க்கும் நாளாந்தம் கண்ணிற் படும் அம்மரங்களிடையே சிலுவையை நாட்டியதன் பொருள் என்ன? அயல்நாட்டிற் பண்டொருநாள் நிகழ்ந்த ஒரு மரணத்தை ஓவியர் வரலாற்றுச் செய்தியாகச் சொல்லவில்லை. அது தம் மண்ணிலே, தம் மக்களிடையே, தமக்காக நிகழ்ந்தது என்று அறிக்கை செய்கிறார். தனிமனித விசுவாசம் என்பது இதுவே. மறைநூலின் வாசகம் எல்லார்க்கும் பொது. அது எனக்குரியது என்று ஒருவன் ஏற்கும் இடத்தில் அவனுடைய நிலமும் மரமும் முகமும் தாமாகவே உள்ளே புகுகின்றன.

தாடியற்ற முகம் புதுமை என்று பலருக்குத் தோன்றும். உண்மையில் அது மிகப் பழைய மரபு. உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் முற்காலக் கிறிஸ்தவர் தீட்டிய நல்லாயன் தாடியற்ற இளைஞனே. சிரியாவில் யூப்பிரத்தீசு ஆற்றங்கரையில் உள்ள டூரா யூரோப்பொஸ் என்னும் பாழ்நகரில் 3ஆம் நூற்றாண்டின் இல்லக் கோயில் ஒன்றை 1930களின் தொடக்கத்தில் அகழ்ந்து கண்டனர். அதன் சுவரில், நடக்கவியலாதவனைக் குணப்படுத்தும் கிறிஸ்துவும் தாடியற்றவராகவே காணப்படுகிறார். நீண்ட கூந்தலும் தாடியும் உடைய உருவம் அதற்குப் பின்னரே உலகெங்கும் நிலைபெற்றது. ஆதலின் பெயின்ரர் மரபை மீறினார் என்பதைவிட, ஒரு காலத்து மரபைத் தாண்டி அதற்கும் முந்திய மரபின் கையைப் பற்றினார் என்பதே பொருத்தம். பல ஆண்டுகள் கழிந்தபின், 1968ஆம் ஆண்டு, கல்கிசைப் புனித தோமையர் கல்லூரி ஆலயத்தில் மறுரூபக் காட்சியை வரைந்தபொழுதும் அவர் அவ்விளம் முகத்தையே வரைந்தார். இடையிற் கழிந்த ஆண்டுகளால் அவர் கண்ட முகம் மாறவில்லை.

புனித வரலாற்றை உள்ளூர் நிலத்திற்குக் கொண்டுவருவது தமிழர்க்கு அந்நியமான செயல் அன்று. வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயா நாட்டைத் தமிழ்ப் புலவர் மரபின்படி வயலும் சோலையுமாகவே பாடினார். கோணாங்குப்பத்தில் மரியன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர் சூட்டித் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுத்தினார். அவருக்குச் சற்று முன்னர் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினார். கீழ்க்கரையின் முஸ்லிம் ஊர்களில் அந்நூலைப் பயின்றோரும் பயிற்றினோரும் பலர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடப் புகுந்த புலவர், விலாதத்துக் காண்டத்து நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை மணற்பரப்பாகவா பாடினார்? மேகம் கடல்நீரை முகந்து மலையிற் பொழிய, ஆறு பெருகி வர, உழவர் நாற்று நட, நெல் விளையும் மருத நிலமாகவே பாடினார். மக்காவை அறியாமல் அவர் அவ்வாறு பாடவில்லை. தம் நேசத்துக்குரிய நபியைத் தம் நிலத்தின் செழிப்பாற் சிறப்பிக்க விரும்பிப் பாடினார். உருவம் வரைவது தம் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்பதால் அவர் கையில் தூரிகை இல்லை, எழுத்தாணி இருந்தது. அரபு நாட்டுக்கு நெல்வயலைக் கொண்டுசென்ற எழுத்தாணியும், சிலுவைக்குப் பின்னே கண்டல் மரங்களை நாட்டிய தூரிகையும் ஒரே அன்பின் இரு கருவிகள். சீறாவின் நாட்டுப் படலத்தைக் கேட்டு மகிழ்ந்த செவியுடையார், பெயின்ரரின் சுவரோவியத்தின் நோக்கத்தை எளிதில் உணர்வர். அவ்வோவியத்தை அவர்கள் வணங்கவேண்டியதில்லை; தம் இல்லத்தில் மாட்டவும் வேண்டியதில்லை. அதனைச் செய்த உள்ளத்தை அறிந்துகொண்டாற் போதும்.

விசுவாசத்தை வரைவதற்குப் பெருஞ்சுவர் ஒன்றே வழி என்றும் எண்ணவேண்டுவதில்லை. 1943ஆம் ஆண்டு கொழும்பில் அமைந்த 43ஆம் ஆண்டுக் குழுவில் வயதில் இளையவராயிருந்தவர் றிச்சேர்ட் கபிரியேல். 1924இற் பிறந்து 2016இல் மறைந்த அவர் கத்தோலிக்கர். சமயக் காட்சிகளை அவர் வரைந்ததுண்டு, செதுக்கியதும் உண்டு. அதேவேளை மீனவரையும் உழவரையும் ஆடுமாடுகளையும் சேவல்களையும் அமைதியான வண்ணங்களில் வரைந்தார். படைத்தவனைப் போற்றுவார் படைப்பை உற்றுநோக்குவதும் வழிபாட்டின் ஒரு பகுதியே. இவ்விடத்திற் கீழ்க்கரையின் எல்லாச் சமயத்தாரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளலாம். மருதமுனைத் தறியில் நூலோடு நூல் சேர்த்துக் கரைவேலை நெய்யும் கையும், பள்ளிவாசலின் முகப்பிற் பிழையற்ற ஒழுங்கில் எழுத்தை அமைக்கும் கையும், களப்பின் மாலை ஒளியைத் தாளிற் பிடிக்க முயலும் கிறிஸ்தவ மாணவனின் கையும் தத்தம் வழியில் ஒழுங்கையும் அழகையும் தேடுகின்றன.

ஆயினும் இது அழகைப் பற்றிய பேச்சோடு முடிந்துவிடக்கூடியது அன்று. கல்முனைப் பகுதியிற் கிறிஸ்தவர் சிறு தொகையினர். சிறு தொகையினரின் பிள்ளை தன் விசுவாசத்தை வெளிப்படையாக வரையும்பொழுது இரண்டு அச்சங்கள் அவனைத் தொடரும். தன் ஓவியம் அயலாரைப் புண்படுத்துமோ என்பது ஒன்று. அயலாரை எண்ணித் தயங்கித் தயங்கித் தன் உள்ளத்தைத் தானே மறைத்துவிடுவோமோ என்பது மற்றொன்று. இவ்விரு அச்சங்களுக்கும் பெயின்ரரின் சுவரிலேயே விடை இருக்கிறது. தம் விசுவாசத்தை அவர் மறைக்கவில்லை; சிலுவையை நடுவிலே வைத்தார். ஆனால் அச்சிலுவைக்குத் துணையாகச் சமாரியனையும் வைத்தார். இயேசு சொன்ன அக்கதையிலே காப்பாற்றுகிறவன் கேட்டிருந்தோரின் சமயத்தான் அல்லன். அவர்கள் இகழ்ந்து ஒதுக்கிய இனத்தான். நன்மை செய்தவனாக அயலானையே காட்டும் ஓர் ஓவியத்தை ஆலயத்தின் உள்ளே வரைந்து வைக்கும் விசுவாசம் அயலாரைப் புண்படுத்துவது எங்ஙனம்?

இக்கதையின் பொருளைக் கீழ்க்கரை தன் உடலாலேயே அறிந்திருக்கிறது. போர்க்காலத்தில் இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் ஐயுற்று அஞ்சிய நாட்கள் பல. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எழுந்து இலங்கைக் கரையைத் தாக்கியபொழுது, மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகள் வரிசை வரிசையாக அழிந்தன. அலை எவரிடமும் சமயம் கேட்கவில்லை. நீரிலிருந்து இழுத்தெடுத்த கைகளும் கேட்கவில்லை. வழியிற் கிடந்தவனைக் கண்டு விலகிப்போகாதவன் எவனோ அவனே அயலான் என்னும் பாடம் அன்று சுவரிலிருந்து இறங்கித் தெருவிலே நடந்தது.

பெயின்ரரும் தம் பாடத்தைச் சுவரோடு விட்டுவிடவில்லை. கொழும்பில் அரசாங்கக் கலைக்கல்லூரியின் தலைமையில் இருந்து பல இளைஞர்க்கு ஓவியம் பயிற்றியபின், முதுமையில் பெற்றோர் நுவரெலியாவில் நிறுவிய சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். 1975ஆம் ஆண்டு காலமானார். சீடரின் கால் கழுவும் குருவை இளமையில் வரைந்தவர், கவனிப்பாரற்ற பிள்ளைகளுக்குத் தம் முதுமையைக் கொடுத்தார். ஓவியம் உண்மையான விசுவாசத்திலிருந்து பிறந்ததா என்று அறியத் திறனாய்வாளர் வண்ணத்தையும் கோட்டையும் ஆராயலாம். சாதாரண மக்களிடம் அதைவிட எளிய உரைகல் ஒன்று உண்டு. வரைந்தவன் தான் வரைந்ததன்படி வாழ முயன்றானா என்பதே அது.

கல்முனைக் கரையில் நாளை ஒரு பிள்ளை தூரிகை எடுக்கக்கூடும். அவள் வரையும் கிறிஸ்துவின் முகம் மீன்பிடித்துத் திரும்பும் ஒருவரின் முகமாயிருக்கலாம். பின்னணியில் களப்பும் கண்டலும் வயல்வெளியும் இருக்கலாம். தொலைவிற் பள்ளிவாசலின் மினாராவும் கோயிலின் கோபுரமும் தெரியலாம். அவை அவள் நாளாந்தம் காண்பவை. அவற்றை நீக்கி வரைந்தால் அது அவளுடைய ஊராகாது. அவ்வோவியத்தை வணங்காத அயலாரும், அது தங்கள் ஊர் என்று கண்டு ஒரு கணம் நின்று பார்ப்பாராயின், தூரிகை தன் கடமையைச் செய்தது எனலாம்.